அம்மாவின் அத்தாட்சிப் பத்திரங்கள்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் உள்ளறையிலே தேக்குப் பெட்டகமோ தகரப் பெட்டியோ ஒன்று இருக்கும். அதன் அடியிலே காணி உறுதிகளும் பிள்ளைகளின் சாதகக் குறிப்புகளும் மஞ்சள் தோய்ந்த துணியில் ஒன்றாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காணிகளுக்குத் தோம்பு எழுதி, 1707ஆம் ஆண்டளவில் எங்கள் தேசவழமையையும் சட்ட நூலாகத் தொகுத்து வைத்தார்கள். அவர்களுக்குப் பின்வந்த ஆங்கிலேயர் கச்சேரியையும் பதிவுக் கந்தோரையும் நிறுவினார்கள். ஆகவே, அரைப் பரப்புக் காணியின் எல்லைக்காகவும் கிணற்றுப் பங்குக்காகவும் பத்திரம் எழுதிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் மக்களின் இரத்தத்தில் ஊறியது. ஆயினும், ஒருத்தி இன்னாருக்கு மனைவி என்பதற்கோ, இன்னார் அவள் வயிற்றிற் பிறந்த மகன் என்பதற்கோ எவரும் பத்திரம் தேடியதில்லை. ஊரே அதற்குச் சாட்சியாக இருந்தது. ஊரின் அந்தச் சாட்சியத்தை, ஊரை அறியாத ஒருவர் வாசித்து நம்பத்தக்க வகையிலே கடதாசியில் எழுதிக் கொடுக்கவேண்டிய காலம் எங்கள் குடும்பத்துக்கு வந்தபோது நான் கண்டவற்றையும் கற்றவற்றையும் எழுதிவைப்பது கடமை என்று இப்போது தோன்றுகிறது.

கடல் கடந்து போவது எங்கள் மூதாதையருக்குப் புதுமையன்று. மலாயா நாட்டின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்து, ஓய்வூதியத்தோடு திரும்பிவந்து கல்வீடு கட்டிய பென்ஷனியர்மார் இல்லாத கிராமம் வலிகாமத்தில் அரிது. அவர்களுக்குப் பின்வந்த தலைமுறையினர் மேற்படிப்புக்கென்று லண்டனுக்குப் போனார்கள். பொதுநலவாய நாட்டவர் என்ற உரிமையால், பிரித்தானியாவுக்குச் செல்லும் இலங்கையர் முன்கூட்டியே விசாப் பெறவேண்டியிருந்ததில்லை. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர் தமிழ் இளைஞர்கள் கூட்டங் கூட்டமாக வெளியேறத் தொடங்கியதும் அந்த நிலை மாறிற்று. 1985ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரித்தானிய அரசு இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின் பிரஜைகளுக்கு அவ்வாறு விதிக்கப்பட்டது அதுவே முதன்முறை. ஒரு கதவு சாத்தப்பட்டதும் மறுகதவை நாடிச் சென்ற எங்கள் பிள்ளைகள் ஜேர்மனி, பிரான்சு, சுவிற்சர்லாந்து, கனடா என்று திசைகள் எல்லாவற்றிலும் சிதறினார்கள். 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலே மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீன்பிடிகாரர் காப்பாற்றிய செய்தி வானொலியில் வந்தபோது, தன் பிள்ளையும் அதில் இருக்கிறானோ என்று நெஞ்சிற் கைவைத்துக் கேட்ட தாய்மார் எங்கள் ஒழுங்கையிலேயே பலர்.

என் அண்ணரும் அக்காலத்திலேதான் போனார். பல தேசங்களிலே தங்கி, ஈற்றிற் கனடாவை அடைந்து, அகதி அந்தஸ்தும் பின்னர் நிரந்தர வதிவிட உரிமையும் பெற்று, தொழிற்சாலை ஒன்றிலே இரவு வேலை செய்து தங்கையின் விவாகத்தையும் ஒப்பேற்றிய பிறகு, ஐயா இறந்துபோய்த் தனித்திருந்த அம்மாவைத் தம்மிடம் அழைத்துக்கொள்ள விரும்பினார். ‘ஸ்பொன்சர்’ என்ற சொல் அப்போது எங்கள் கிராமத்திலே எழுத்தறியாத கிழவிகளுக்கும் பழகிப்போயிருந்தது. அழைக்கும் பிள்ளை, வரும் பெற்றோரைப் பத்தாண்டு காலம் அரசின் உதவியை நாடாமற் பராமரிப்பேன் என்று அக்காலத்திலே கையொப்பமிட்டுக் கொடுக்கவேண்டியிருந்தது. இங்குள்ளவர் தாம் யார், எங்கே எப்போது பிறந்தவர், எவரை விவாகஞ் செய்தவர், எத்தனை பிள்ளைகளைப் பெற்றவர் என்பவற்றையெல்லாம் அத்தாட்சிப் பத்திரங்களால் நிரூபிக்கவேண்டும். கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் கையில் அண்ணர் அனுப்பிய அந்த விண்ணப்பப் பத்திரங்கள் எங்களுக்குக் கிடைத்த காலம், 1993ஆம் ஆண்டின் நடுப்பகுதி.

அக்காலத்து யாழ்ப்பாணத்தை அறியாதவருக்கு, அத்தகைய விண்ணப்பமொன்றைப் பூர்த்தி செய்வதன் பிரயாசை விளங்காது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்ட பின்னர் புகையிரதமும் மின்சாரமும் குடாநாட்டை விட்டு நீங்கியிருந்தன. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அருமருந்தாயிற்று. ஜாம் போத்தலிலே சிறிதளவு எண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கின் ஒளியிலேதான் பிள்ளைகள் படித்தார்கள். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தபடியால், தெற்கே போகவேண்டியவர்கள் இருளிலே கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்தார்கள். அதற்கும் முன்னதாக, வெளியேறுவதற்கான பாஸ் பெற்று, ஆள் பிணையும் வைக்கவேண்டியிருந்தது. பத்திரமொன்றைப் படப்பிரதி எடுப்பதற்கு ஜெனரேற்றர் உள்ள கடையைத் தேடி யாழ்ப்பாண நகரத்துக்குச் சைக்கிளிற் செல்லவேண்டும். எண்ணெய் முடிந்துவிட்டதென்றால் வெறுங்கையோடு திரும்பவேண்டும். இத்தனைக்கும் நடுவிலே அரசாங்கப் பதிவுக் கந்தோர்கள் இயங்கின என்பதையும், சம்பளமே தாமதித்து வந்த எழுதுவினைஞர்கள் தூசி படிந்த பதிவேடுகளைப் புரட்டி எங்களுக்குப் பிரதி எழுதித் தந்தார்கள் என்பதையும் நன்றியோடு சொல்லவேண்டும்.

எங்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் பெரியப்பா. கச்சேரியிலே நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறிய அவர், ஊரவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதை ஒரு விரதம்போற் கைக்கொண்டிருந்தார். எவரிடமும் ஒரு சதமும் வாங்கியதில்லை. விண்ணப்பத்தை முதலில் மூன்றுமுறை வாசிக்கவேண்டும், பின்பு பழைய கொப்பித் தாளிற் பென்சிலால் எழுதிப் பார்க்கவேண்டும், அதன் பின்னரே பேனையைத் தொடவேண்டும் என்பது அவருடைய நியமம். அம்மாவின் பிறப்பு அத்தாட்சியிலிருந்து அவர் தொடங்கினார்.

அம்மாவின் சாதகத்திலே, பிரபவ வருஷம் ஆவணி மாதத்திலே ஜனனம் என்று எழுதியிருந்தது. பஞ்சாங்கக் கணக்கின்படி அது 1927ஆம் ஆண்டு என்று பெரியப்பா தீர்மானித்து, அந்தத் திகதியைக் குறித்து விண்ணப்பித்தார். பதிவேட்டிலே அப்பிறப்பு இருந்தது; தந்தையார் பெயரும் தாயார் பெயரும் இருந்தன; பெண் என்ற குறிப்பும் இருந்தது; ஆனால் பிள்ளையின் பெயருக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைக்கும் வழக்கமுடைய எங்கள் நாட்டிலே, அதற்கு முன்னதாகவே பிறப்பை அறிவித்துவிட்டுப் பின்னர் பெயரைச் சேர்க்க மறந்த குடும்பங்கள் அநேகம். பிறப்பே பதியப்படாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற ஒரு வழி உண்டு; அம்மாவுக்கோ, விடுபட்ட பெயரைச் சேர்த்துக்கொள்ளுமாறு விண்ணப்பிப்பதே முறையாயிற்று. சாதகத்தையும், பாடசாலை இடாப்பிலிருந்து பெற்ற குறிப்பையும், தேசிய அடையாள அட்டையையும் ஆதாரமாக வைத்து, சமாதான நீதவான் முன்னிலையிலே அம்மா சத்தியக்கடதாசியிற் கையெழுத்திட்டார். அறுபத்தைந்து வயது கடந்தபின், நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, கணவனையும் இழந்த பின்பு, தாம் பிறந்த பதிவிலே அம்மாவின் பெயர் முதன்முதலாக ஏறிற்று. அந்தப் பிரதி வீட்டுக்கு வந்த அன்று அதைக் கையில் வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்த அம்மாவின் முகத்திலே தோன்றிய பெருமிதத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

விவாக அத்தாட்சியோ அதனிலும் கடினமான விஷயமாயிற்று. விய வருஷம், அதாவது 1946ஆம் ஆண்டு, வைகாசி மாதத்திலே குருக்கள் அக்கினி வளர்த்து, ஐயா தாலிகட்டி, ஊரார் அறுகரிசி இட்டு வாழ்த்திய விவாகம் அது. பதிவாளர் அங்கே அழைக்கப்படவில்லை. அக்காலத்திலே அவ்வாறு நிகழ்ந்த விவாகங்கள் ஏராளம். பதிவு இல்லையென்பதால் விவாகம் செல்லாது என்று இந்நாட்டுச் சட்டமும் சொல்வதில்லை. ஆனால் விண்ணப்பத்தோடு வைப்பதற்குப் பத்திரம் இல்லை. எங்கள் கவலையை அறிந்த முகவர் ஒருவர், வேண்டிய திகதியோடு முத்திரை பதித்த விவாக அத்தாட்சி ஒன்றைக் கொழும்பிலே செய்விக்கலாம் என்று விலை பேசினார். நாங்கள் ஆசைப்பட்டோம். பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “தம்பி, உன்ரை அம்மா நாற்பது வரியம் குடித்தனம் நடத்தினது மெய். மெய்யான கலியாணத்துக்குப் பொய்ச் சாட்சி எதுக்கு? கண்டவை இருக்கினம், அவையிட்டைக் கேப்பம்” என்றார். அந்த வார்த்தைகளுக்கு மறுமொழி சொல்ல எங்களால் இயலவில்லை.

கண்டவர்களைத் தேடினோம். விவாகத்தை நடத்திவைத்த குருக்கள் சிவபதம் அடைந்திருந்தார். மாப்பிள்ளைத் தோழனாக நின்ற மாமா வன்னியில் இருந்தார். அப்போது அம்மாவே நினைவுகூர்ந்து, பந்தலுக்கு வெள்ளை கட்டி நிலபாவாடை விரித்த, சலவைத் தொழிலாளராகிய கட்டாடியார் அயலூரிலே உயிரோடிருக்கிறார் என்று சொன்னார். பெரியப்பாவும் நானும் போனோம். எண்பதை அணுகிய அந்தப் பெரியவர், பந்தல் எத்திசையைப் பார்த்து நின்றது, மேளம் எவ்வூரிலிருந்து வந்தது, தாலிகட்டும் வேளையிற் பெய்த கோடை மழையிலே தாம் கட்டிய வெள்ளை நனைந்தது என்பவற்றையெல்லாம் நேற்று நடந்ததுபோற் சொன்னார். அடுத்த கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தலைமுறை தலைமுறையாக அவரும் அவர் முன்னோரும் எங்கள் வீட்டு முற்றத்துக்கு அப்பால் ஏறியதில்லை. அந்த அநீதியை நாங்கள் வழக்கம் என்று பெயரிட்டு நடத்திவந்தோம். சமாதான நீதவானுக்கு எதிரே விறாந்தையில் இடப்பட்ட கதிரையிலே அன்று அவர் அமர்ந்தார். சத்தியக்கடதாசி அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்திலே, மழை என்பதைச் சேர்க்க மறந்துவிட்டீர்களே என்று திருத்தினார். பின்னர் நடுங்காத கையால் தம் பெயரை எழுதினார். என் தாய் என் தந்தையின் தர்மபத்தினி என்பதற்கு உலகத்தின் முன்னே எழுத்துமூலம் கிடைத்த முதற் சாட்சியம் அவருடையதே. அம்மா அவருக்குத் தம் கையாலே தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அன்று அவர் அமர்ந்த கதிரையை அதற்குப் பின் எவருக்கும் எங்கள் வீட்டிலே நாங்கள் மறுத்ததில்லை.

பெயர்களின் எழுத்துப்பிழை, தந்தையின் பெயரை முன்னே வைத்து எழுதும் எங்கள் வழக்கத்துக்கு விண்ணப்பத்தில் இடமின்மை, மொழிபெயர்ப்பாளர் தேடி அலைந்தமை ஆகியவை எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான துன்பங்களாகையால் அவற்றை விரிக்காது விடுகிறேன். ஒருவாறு கோப்புப் பூர்த்தியாகி அனுப்பப்பட்டது. மூலப் பத்திரங்கள் எங்களிடம் இருந்தன. அவ்வாறிருக்கையில் 1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் நாள் வந்தது. வலிகாமம் முழுவதும் ஓரிரவிலே எழுந்து, கொட்டும் மழையில், செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. நெல்லையும் நகையையும் விட்டுவந்தவர்கள் அந்தச் சனத்திரளிலே பலர். ஆனால் பொலித்தீன் பையிற் சுற்றிய பத்திரக் கட்டொன்று ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் இருந்தது. பெரியப்பா சாவகச்சேரியிலே, அகதிகள் நிறைந்த பாடசாலை ஒன்றில், மாரி முடியுமுன்னே காலமானார். அவருடைய இறப்பைப் பதிவு செய்வதற்கு வேண்டிய பத்திரத்தை, அவர் கற்பித்த முறைப்படியே, முதலிற் பென்சிலால் நான் எழுதினேன்.

1996ஆம் ஆண்டு சித்திரைக்குப் பின் ஊர் திரும்பினோம். கனேடிய உயர்ஸ்தானிகராலயத்திலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது, இராணுவ அனுமதி பெற்று, காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலேறி, அங்கிருந்து தரைவழியாகக் கொழும்பை அடைந்தோம். கொட்டாஞ்சேனையிலே லொட்ஜ் ஒன்றில் தங்கிப் பொலிஸ் பதிவும் செய்துகொண்டோம். அந்த லொட்ஜின் ஒவ்வோர் அறையிலும் ஒரு விசாவுக்காகக் காத்திருப்பவர்கள் இருந்தார்கள்: கணவனிடம் செல்லும் புதுமணப்பெண்கள், மகனிடம் செல்லும் முதியோர், மருத்துவப் பரிசோதனையிலே பழைய சயரோகத் தழும்பு தெரிந்ததால் மீண்டும் மீண்டும் எக்ஸ்றே எடுக்கப்படுவோர். காலையிலே ஒருவருக்கொருவர் விபூதி கொடுத்து வழியனுப்பினார்கள்; மாலையிலே ஒருவரின் கேள்விகளை மற்றவர் மனனம் செய்தார்கள்.

நேர்முகம் கறுவாத்தோட்டத்திலே நடந்தது. அதிகாரி மரியாதையுள்ளவர்; மொழிபெயர்ப்பாளர் மூலம் மெதுவாகவே கேட்டார். விவாகம் எப்போது என்றதற்கு, “விய வருஷம் வைகாசி” என்று அம்மா விடை சொன்னார். எத்தனை பிள்ளைகள் என்றதற்கு, “ஐஞ்சு” என்றார். விண்ணப்பத்திலே நான்கு பெயர்களே இருந்தன. எனக்குப் பேச்சு எழவில்லை. அண்ணருக்கு அடுத்ததாகப் பிறந்து சில நாட்களிலே இறந்துபோன பெண்குழந்தையைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் பேசியதில்லை. பத்திரங்களுக்கென்று கணக்கெடுத்தபோது பெரியப்பாவும் அதை நினைக்கவில்லை. அம்மா நினைத்திருந்தார். அதிகாரி சிறிது நேரம் எழுதாமல் இருந்தார். பின்பு, அக்குழந்தையின் பிறப்பு, இறப்பு அத்தாட்சிகள் கிடைத்தால் அனுப்பிவைக்குமாறு சொன்னார்.

நான் தனியே ஊருக்குத் திரும்பி, யுத்தத்திற் சேதமடைந்த கட்டிடம் ஒன்றிலே இயங்கிய பதிவுப் பகுதிக்குச் சென்றேன். அங்கிருந்த இளம் எழுதுவினைஞர் அன்று மாலைவரை ஏடுகளைப் புரட்டினார். எங்கள் குடும்பத்துப் பத்திரங்களிலெல்லாம் குறையற்றதாக இருந்தவை அந்தக் குழந்தையின் இரு பதிவுகளே. பெயர் எழுதப்பட்டிருந்தது, பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா என்ற நிரலிலே ‘ஆம்’ என்று எழுதப்பட்டிருந்தது, பாட்டனாரின் பெயரும் இருந்தது, அறிவித்தவர் என்ற இடத்திலே ஐயாவின் கையொப்பம் இருந்தது. எந்த விவாகத்தை நிரூபிப்பதற்கு நாங்கள் அத்தனை பாடுபட்டோமோ, அதனை ஐயா தம் சிறுமகளின் பதிவிலே முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுதுவித்திருந்தார். பிரதிகளை அம்மாவிடம் கொடுத்தபோது, “அவளும் உதவினாள்” என்று மட்டும் சொன்னார். விசாக் கிடைத்தது. அம்மா ரொறன்ரோவிலே அண்ணரோடும் பேரப்பிள்ளைகளோடும் பல்லாண்டு வாழ்ந்தார்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது, அத்தாட்சிப் பத்திரத்தை வெறும் கடதாசி என்று இகழ்வதும் அதனையே தெய்வமாக அஞ்சுவதும் தவறென்றே எனக்குத் தோன்றுகிறது. கடதாசி இல்லாமையால் ஒரு சனசமூகம் அடையக்கூடிய கேட்டை இந்நாட்டிலே நாம் கண்டிருக்கிறோம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தமைக்கு ஆதாரம் கேட்டது. தலைமுறைகளாகத் தோட்டத்திலே உழைத்தும் அத்தகைய பதிவு எதுவும் இல்லாதிருந்த மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். மறுபுறத்திலே, முதலாம் உலக யுத்தத்தின் பின் நாடிழந்த ருஷ்ய அகதிகளுக்காக நான்சன் என்னும் நோர்வேப் பெரியார் 1922ஆம் ஆண்டிலே ஏற்படுத்திய பிரயாணப் பத்திரம், எந்த நாடும் உரிமை கொண்டாடாத மனிதருக்கும் எல்லைகளைத் திறந்துவிட்டது. பத்திரம் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்காகச் சொல்லும் சாட்சியம். சொல்பவனுடைய சத்தியத்தாலும், அதை ஏற்பவனுடைய கருணையாலுமே அதற்கு உயிர் உண்டாகிறது. எங்கள் பெரியப்பாவும், கட்டாடியாரும், அந்த எழுதுவினைஞரும், எழுதுகோலை ஒரு கணம் நிறுத்திய அந்த அதிகாரியும் இல்லாதிருந்தால், அம்மாவின் பத்திரக் கட்டிலிருந்தவை மைபூசிய தாள்களாகவே கிடந்திருக்கும்.

அச்சாட்சியம் மதிக்கப்படாத நாட்களையும் கண்டோம். 2007ஆம் ஆண்டு ஆனி மாதம் 7ஆம் நாள், கொழும்பு லொட்ஜுகளிலே தங்கியிருந்த தமிழர் பலர், அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் கையில் இருந்தும், விடியுமுன்னே பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். வெளிநாட்டுப் பிரயாணத்துக்காகக் காத்திருந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலே 2017ஆம் ஆண்டு முதல் கொன்சியூலர் அலுவலகம் இயங்குகிறது. 2025ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே கடவுச்சீட்டு அலுவலகமும் அங்கே திறக்கப்பட்டது. கடனீரேரியையும் கப்பலையும் கடந்து எங்கள் தலைமுறை தேடிப்போனவற்றை இன்றைய பிள்ளைகள் பஸ்ஸிற் போய்ப் பெற்றுக்கொள்ளலாம்.

இளைப்பாறிய பின் நானும் அயலவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து வருகிறேன். வருவோரிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டே. பிள்ளை பிறந்தால் காலந் தாழ்த்தாது பதிந்து, பெயரையும் அன்றே முடிவுசெய்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் என்றும் ஒரே எழுத்தமைப்பில் எழுதுங்கள். அயலவர் ஒருவர் தம் பிறப்புக்கோ விவாகத்துக்கோ உறவுக்கோ உங்கள் கையொப்பத்தை நாடி வந்தால், வேலையைச் சாட்டித் திருப்பி அனுப்பாமலும், கண்டதற்கு மேல் ஒரு சொல்லைக் கூட்டாமலும், கண்டதைக் கண்டபடி எழுதிக் கொடுங்கள். ஒரு தாயைப் பிள்ளையிடம் சேர்க்கும் புண்ணியம் அந்த ஒரு வரியிலே இருக்கக்கூடும்.